கொடுத்தவர் கணக்கு

கூடைப்பந்து என்றதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பாயிண்ட் அடிச்சான்?" என்பதுதான். கிள்ளானிலிருந்து கோமுட்டர் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்த என் சித்தி மகனும் அதையே கேட்டான். இந்த ஊருக்கு வந்து ஆடிய வெளிநாட்டுக்காரர்களில் என் மனதுக்குப் பிடித்தவர் ஜேசன் பிரிக்மன் என்று சொல்லியிருந்தேன். "எத்தனை பாயிண்ட்ணே?" என்றான். அவர் பெருமை பாயிண்ட்டில் இல்லை என்றதும் தம்பிக்குச் சுவாரசியம் போய்விட்டது, ரொட்டி சானாயைப் பிய்க்கத் தொடங்கிவிட்டான். ஒரு தே தாரிக் ஆறும் நேரத்துக்குள் விளக்கிவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள், முதலிலிருந்து வருவோம்.

நமக்குப் பந்து என்றால் கால்பந்து. தோட்டத்துத் திடலில் வளர்ந்த தகப்பன்மாரிடமிருந்து வந்த பழக்கம் அது. கூடைப்பந்து இந்த நாட்டில் பெரும்பாலும் சீனப் பள்ளிகளின் சிமெண்டுத் தரையில் வளர்ந்த ஆட்டம். நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான் அதிகம். ஆகவே அடிப்படையைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஐந்து பேர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்து கைக்கு வந்ததும் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். கால்பந்தில் ஒரு கோலுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கிறோம். இங்கே அரை நிமிடத்துக்கு ஒரு முடிவு.

அந்த 24 விநாடியை யார் நடத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறார், பாயிண்ட் கார்டு என்பார்கள். அணியில் பெரும்பாலும் குள்ளமானவர் அவர்தான். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று கண்ணாலும் விரலாலும் சொல்லி, சரியான கையில் சரியான நொடியில் சேர்ப்பது அவர் வேலை. அவர் கொடுத்த பந்து நேராகக் கூடையில் விழுந்தால் அவர் பெயருக்கு எதிரே ஒரு அசிஸ்ட் எழுதுவார்கள்.

இந்த அசிஸ்ட் கணக்கில் ஓர் அநியாயம் உண்டு. கொடுத்தவர் எவ்வளவு அழகாகக் கொடுத்தாலும், வாங்கியவர் தவறவிட்டால் ஒன்றும் கிடையாது. மூன்று எதிரிகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோப்பது போல ஒரு பாஸ் போட்டு, வளையத்தடியில் தனியாக நிற்கிறவர் அதைப் பதறிப்போய் வெளியே தட்டினால், ஸ்கோர் ஷீட்டைப் பொறுத்தவரை அந்தப் பாஸ் நடக்கவே இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில், வாங்கியவரை எதிரி அடித்துத் தடுத்து ஃப்ரீ த்ரோ கிடைத்தால்கூடக் கொடுத்தவருக்கு எதுவும் சேராது. ஆக, அசிஸ்ட் என்பது அடுத்தவன் கையை நம்பி எழுதப்படும் எண்.

இப்போது பிரிக்மனுக்கு வருவோம். 1991-ல் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பிறந்தவர். தாய் வழியில் பிலிப்பைன்ஸ் இரத்தம். உயரம் ஆறடி. நம் தெருவில் அது உயரம்தான், அந்த ஆட்டத்தில் குள்ளம். படித்தது நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில். டியூக், கென்டக்கி என்று தொலைக்காட்சியில் ஒளிரும் பெயர் இல்லை அது. அவர் சேர்ந்த பிறகு 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு தன் வட்டாரப் பட்டத்தை அந்தக் கல்லூரி வென்றது.

கல்லூரியை விட்டபோது, 2014-ல், அவர் கணக்கில் 1,009 அசிஸ்ட் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் அதுவரை ஆயிரத்தைத் தொட்டவர்கள் மூன்றே பேர்: டியூக்கின் பாபி ஹர்லி 1,076, கிறிஸ் கோர்ச்சியானி 1,038, எட் கோட்டா 1,030. நான்காவது ஆள் பிரிக்மன். அந்தக் கடைசி வருடத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 10 அசிஸ்ட், நாட்டிலேயே முதல் இடம். அதற்கு முந்தைய வருடமும் முதல் இடம் அவருக்குத்தான்.

பத்து என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அன்றைக்குக் கல்லூரி ஆட்டத்தில் 24 விநாடி விதி கிடையாது, 35 விநாடி வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் மெதுவாகப் போகும், வாய்ப்புகள் குறையும். ஓர் அணி ஒரு ஆட்டத்தில் இருபத்தைந்து கூடை போட்டால் அதுவே நல்ல இரவு. அதில் பிரிக்மன் தானே போடுபவை சில. மீதியில் ஏறக்குறைய பாதி இவர் கையிலிருந்து கிளம்பியவை. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. அந்தக் கடைசி வருடம் அவர் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். பழைய கூட்டாளிகள் பலர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், தவறவிடும் கைகள் கூடிவிட்டன. அந்தக் கைகளை வைத்துக்கொண்டுதான் பத்து. வென்ற அணியில் எடுத்த பத்தைவிட இந்தப் பத்தை நான் மேலே வைப்பேன்.

சரி, இவர் செய்ததுதான் என்ன? ஒரே ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். கூடைப்பந்தில் ஆயிரம் வித்தை இருந்தாலும் தொழில்முறை ஆட்டத்தின் அன்றாடச் சோறு ஒன்றுதான், பிக் அண்ட் ரோல்.

வலது பக்கம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, பிரிக்மன் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு கை நீளத்தில் அவரைக் காப்பவன். வளையத்தடியில் நின்ற நம் அணியின் பெரிய ஆள் மேலே ஏறி வந்து, அந்தக் காவல்காரனின் தோளை ஒட்டித் தூண் மாதிரி நின்றுவிடுகிறார். இதற்குப் பெயர் ஸ்க்ரீன். நின்ற பிறகு அசைந்தால் ஃபவுல். பிரிக்மன் அந்தத் தூணை உரசிக்கொண்டு சுற்றிப் போகிறார். இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டாலும் காவல்காரன் அதில் நழுவி வந்துவிடுவான். உரசியபடி போனால் அவன் தூணில் மோதிச் சிக்கிக்கொள்வான்.

இப்போது பெரியவரைக் காத்துக்கொண்டிருந்த இரண்டாவது காவல்காரன் தனியாக மாட்டிக்கொண்டான். பந்தோடு வரும் பிரிக்மனைத் தடுப்பதா, வளையத்தை நோக்கித் திரும்பி ஓடத் தொடங்கிவிட்ட பெரியவரைத் தடுப்பதா? இரண்டு பேருக்கு ஒரு ஆள். இந்த நிலை ஒரு விநாடி நீடிக்கும், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் முதல் காவல்காரன் தூணைச் சுற்றி ஓடி வந்துவிடுவான், கணக்கு சரியாகிவிடும்.

சாதாரண ஆட்டக்காரர் இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவார். ஒரு விநாடிதானே இருக்கிறது என்ற பதற்றம். பிரிக்மன் வேகத்தைக் குறைப்பார். துரத்தி வருபவனைத் தன் முதுகிலேயே தாங்கிக்கொண்டு, அவன் முன்னால் வர வழி விடாமல், ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவார். அந்த ஒரு தட்டில் இரண்டாவது காவல்காரன் முடிவெடுத்தே ஆக வேண்டும். அவன் உடல் எடை எந்தக் காலுக்குப் போகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பந்து போய்விடும். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, பிறகு தள்ளுவதெல்லாம் கிடையாது. தட்டும் கையிலிருந்தே, தரையிலிருந்து எழும் பந்தை அப்படியே ஒற்றைக் கையால் காவல்காரனின் முழங்காலுக்கும் தொங்கும் கைக்கும் நடுவே தரையில் மோதவிட்டு அனுப்புவார். பெரியவரின் இடுப்புக்கு வரும். அவர் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை.

அதையும் எதிரணி முன்கூட்டியே கண்டுபிடித்து, மூலையில் நிற்பவனைக் காக்கும் மூன்றாவது ஆள் உள்ளே ஓடி வந்து பெரியவரின் வழியை அடைத்தால்? அப்போது அந்த மூலை காலி. பிரிக்மனின் கண் பெரியவர் மேலேயே இருக்கும், பந்து மட்டும் கோர்ட்டைக் குறுக்கே கடந்து மூலைக்குப் போகும். பார்க்காமல் எறிந்ததாக நமக்குத் தோன்றும். பார்த்துவிட்டார். இரண்டு விநாடிக்கு முன்னாலேயே, ஸ்க்ரீன் வருவதற்கு முன்னாலேயே பார்த்து மனதில் போட்டுக்கொண்டார்.

கல்யாணப் பந்தியில் நல்ல பரிமாறுபவரைக் கவனித்திருப்பீர்கள். யாரும் கையைத் தூக்கிக் கூப்பிடுவதற்குள் அந்த இலைக்கு ரசம் வந்திருக்கும். வரிசையின் இந்த முனையில் ஊற்றும்போதே அந்த முனையில் எவர் இலையில் குழி தோண்டுகிறார் என்பது அவருக்குத் தெரியும். பிரிக்மன் அந்த வகை ஆள்.

இப்படிப்பட்டவர் ஏன் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். 2014-ல் என்பிஏ அணிகள் புதிதாக 60 பேரைத் தேர்ந்தெடுத்தன. பட்டியலில் இவர் பெயர் இல்லை. காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. சின்னக் கல்லூரி. ஆறடி உயரம். பாய்ந்து பறக்கும் உடம்பு கிடையாது. பந்து எதிரணியிடம் இருக்கும்போது, இவரைவிட அரை அடி உயர்ந்த கார்டுகள் இவர் தலைக்கு மேலாகவே எறிந்துவிடுவார்கள். அந்தக் குறை உண்மையானது, அவர்மேல் உள்ள பிரியத்தில் நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் தேர்வாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு உயரம் குதிக்கிறான் என்பதை அளந்துவிடலாம், எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிக் காத்திருக்கும் நிதானத்தை எந்த நாடாவால் அளப்பது? அளக்க முடியாததைச் சந்தேகக் கணக்கில் போட்டுவிடுவார்கள். ரஷ்யா, ஜெர்மனி என்று சுற்றிவிட்டு அவர் நம் பக்கம் வந்து சேர்ந்தார்.

நம் பக்கம் என்றால் ஆசியான் கூடைப்பந்து லீக். 2009-ல் ஆறு அணிகளோடு தொடங்கியது, ஏர் ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ் தலைவராக இருந்தார். தென்கிழக்கு ஆசிய நகரங்களுக்கு மலிவு விமானம் விட்டவரே அந்த நகரங்களுக்கு இடையே பந்தையும் விட்டது பொருத்தம்தான். கோலாலம்பூருக்கு டிராகன்ஸ் அணி. பிறகு வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுக நிறுவனத்தின் பெயர் அதன் முன்னால் ஒட்டிக்கொண்டது. கிள்ளான்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. புலாவ் இண்டாவில் கிரேன்கள் வரிசையாக நிற்கும் அதே துறைமுகம். என் சித்தி மகன் தினமும் அந்தக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் மோட்டாரில் வேலைக்குப் போகிறான். அந்தப் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஓர் அணி கோப்பை வாங்கியது அவனுக்குத் தெரியாது.

2014-ல் டிராகன்ஸ் இறுதிக்கு வந்து பாங்காக்கின் ஹைடெக் அணியிடம் தோற்றது. 2015-16 பருவத்தில், பிலிப்பைன்ஸ்காரரான கோச் ஏரியல் வாங்கார்டியாவின் கீழ், பிரிக்மன் பாயிண்ட் கார்டாக ஆட, மறுபடி இறுதி. எதிரே யார் என்று நினைக்கிறீர்கள்? சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். இதைவிடப் பொருத்தமான எதிரி நமக்குக் கிடைப்பானா. ஐந்து ஆட்டத்தில் மூன்றை வென்றவருக்குக் கோப்பை. ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்து, 3-2 என்று டிராகன்ஸ் வென்றது. அதற்கு முன் எந்த மலேசிய அணியும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை.

அந்த அணியில் ரெஜி ஜான்சன் என்ற மலை போன்ற அமெரிக்க சென்டர், அதாவது வளையத்தடிப் பெரியவர், இருந்தார். கனடாவில் வளர்ந்த, பிலிப்பைன்ஸ் வழி வந்த மேத்யூ ரைட் தூரத்திலிருந்து எறிவதில் கெட்டிக்காரர். பார்த்தவர்களைக் கேட்டால் இவர்களைச் சொல்வார்கள், தவறில்லை. ஆனால் ஜான்சன் பந்தை வாங்கும் இடம் எப்போதும் வளையத்துக்கு ஒரு அடி கிட்டத்தில் அமைந்ததும், ரைட் எறியும்போது முன்னால் ஆள் இல்லாமல் போனதும் தானாக நடக்கவில்லை. எறிபவன் நன்றாக எறிகிறான் என்று நாம் சொல்லும் இரவுகளில் பாதி, நல்ல இடத்தில் பந்து கிடைத்த இரவுகள்.

டிராகன்ஸின் வீடாக இருந்தது மாபா அரங்கம், ஜாலான் ஹாங் ஜெபாட்டில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயில் ஏறி மகாராஜலேலாவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மெர்டேக்கா அரங்கத்தைக் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள், அதே வட்டாரம்தான். இப்போது மெர்டேக்கா 118 கோபுரம் தலைக்கு மேலே நிற்கும் பக்கம். அரங்கம் சின்னது, பழையது. ஆனால் கோர்ட்டுக்கு மிகக் கிட்டத்தில் உட்காரலாம். ஸ்க்ரீனில் மோதுபவனின் மூச்சு வெளியேறும் சத்தம் காதில் விழும். தொலைக்காட்சியில் அது கிடைக்காது.

இந்த மோதலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொடுத்தவருக்கு அசிஸ்ட் என்று ஒரு கட்டமாவது இருக்கிறது. தூணாக நின்று அடி வாங்கியவருக்கு? பல காலம் எதுவும் இல்லை. என்பிஏகூட ஸ்க்ரீனால் விளைந்த கூடைகளைத் தனியாக எண்ணி வெளியிடத் தொடங்கியது சுமார் 2016-ல்தான். நம் லீக்குகளின் ஸ்கோர் ஷீட்டில் அதற்கு இடமே இல்லை. டிராகன்ஸிலும் மலேசிய தேசிய அணியிலும் ஆடியவர்களில் குகனேஸ்வரன் பத்துமலை, சத்யசீலன் குப்புசாமி என்ற இரண்டு தமிழ்ப் பெயர்களைப் பார்க்கலாம். இருவரும் உயரக்காரர்கள். லிம், வோங், ஓய் என்று ஓடும் பட்டியலின் நடுவே பத்துமலை என்ற பெயரைப் பார்த்தபோது நானும் ஒருமுறை சிரித்தேன், முருகனே வந்து சென்டரில் நின்ற மாதிரி. பெரிய வெளிநாட்டுக்காரர்கள் ஆடும் லீக்கில் உள்ளூர் உயரக்காரனுக்கு வாய்க்கும் வேலை பெரும்பாலும் இதுதான். ஸ்க்ரீன் போடு, முதுகைக் கொடுத்து எதிரியை வளையத்திலிருந்து வெளியே தள்ளு, ஐந்து நிமிடம் ஆடு, ஃபவுல் வாங்கு, உட்கார். அந்த ஐந்து நிமிடத்தைச் சரியாகச் செய்யும் ஆள் இல்லாமல் எந்தப் பாயிண்ட் கார்டும் பத்து அசிஸ்ட் எடுத்ததில்லை. நம் வீடுகளில் இந்த இரண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில் பாதிகூடத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம். அதற்குக் காரணம் தேடிப் போனால் பள்ளிக்கூடம், திடல், பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்று இன்னொரு கட்டுரையே ஆகிவிடும். மலேசிய ஆண்கள் அணி 1989-ல் இதே கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அதன்பின் பிலிப்பைன்ஸ் அந்தத் தங்கத்தை இன்னொருவரிடம் விட்டது 2022-ல் ஹனோயில்தான், இந்தோனேசியாவிடம். அந்த 1989 தங்கத்தையே நாம் மறந்துவிட்டோம், மற்றதைச் சொல்வானேன்.

பிரிக்மன் இங்கே நிலைக்கவில்லை. அந்த லீக்கில் வெளிநாட்டு வீரர்களுக்கு ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு மேல் போனது அபூர்வம். அடுத்த பருவம் தைவானின் காவ்சியுங்கில், அதற்கடுத்து தாய்லாந்தின் மோனோ வாம்பயர் அணியில். அங்கே அவருக்குக் கிடைத்த பெரியவரைப் பார்க்க வேண்டும். சாம் டெகுவாரா, மால்டாக்காரர், ஏழடியைத் தாண்டிய உயரம். ஆறடிக்காரரும் அவரும் பிக் அண்ட் ரோல் ஆடினால் எதிரணிக்கு என்ன வழி? தரையில் போகும் பந்தைத் தடுக்கக் குனிந்தால், அடுத்த முறை பந்து டெகுவாராவின் கை மட்டும் எட்டும் உயரத்தில் வரும். 2018-ல் அந்த ஜோடி மோனோ வாம்பயரை இறுதி வரை கொண்டுபோனது. ஐந்தாவது ஆட்டத்தில் பிலிப்பைன்ஸின் அலாப் அணியிடம் தோற்றார்கள். தோற்ற விதத்தில் பழைய குறையும் எட்டிப் பார்த்தது. பெரிய ஆட்டங்களில் எதிரணிக் கோச்சுகள் பிரிக்மன் காக்கும் ஆளைத் தேடிப் பிடித்துப் பந்தைக் கொடுப்பார்கள், அவரை ஓடவிட்டுக் களைக்க வைப்பார்கள். அது தெரிந்தும் ஒரு கோச் மாற்றி ஒரு கோச் அவரைத் தேடி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இருபது புள்ளி எறியும் அமெரிக்கர்களை வருடா வருடம் மாற்றினார்கள். இவரை விட்டுவிட மனம் வரவில்லை. பிற்பாடு தைவானின் தொழில்முறை லீக்கிலும் அதே வேலையை அதே நிதானத்தோடு செய்தார்.

இதைப் படித்துவிட்டு அவர் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் ஹைலைட்ஸ் வேண்டாம். அதை வெட்டி ஒட்டுபவர்கள் பந்து பெரியவர் கைக்கு வந்த பிறகுதான் காட்சியைத் தொடங்குகிறார்கள். முழு ஆட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கூடை விழுந்ததும் நான்கு விநாடி பின்னால் போங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம், வளையத்தடியில் நிற்கும் இரண்டாவது காவல்காரனின் கால்களைப் பாருங்கள்.